சாலையோரக் குப்பைமேட்டை அள்ளுவதும் அது திரும்ப வராமல் பார்ப்பதும்: ஒரு முழுமையான வழிகாட்டி

செங்கோட்டையிலிருந்து கேரள எல்லையை ஒட்டிய புளியரை போகிற சாலையில், எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு குப்பைமேடு இருந்தது. எதிரே டீக்கடை, பின்னால் பாசனக் கால்வாய், நாலு கடை தள்ளி என் ஜெராக்ஸ் கடை. அந்த மேட்டை மூன்று தடவை அள்ளினோம். முதல் இரண்டு தடவையும் மாதம் முடிவதற்குள் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. மூன்றாவது தடவை வரவில்லை. மூன்று தடவையும் அள்ளியது ஒரே மாதிரிதான். அள்ளுவதற்கு முன்னால் செய்த வேலைதான் வேறு.

அப்புறம் பக்கத்து ஊர்களில் தொடங்கியவர்களோடும் போய் நின்றிருக்கிறேன். எல்லாரும் எங்களைப் போலவே ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக மண்வெட்டியோடு இறங்குகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் மண்வெட்டி எட்டாவது படியில்தான் வருகிறது.

1. தினமும் கடக்கிற இடத்தையே எடுங்கள்

இருப்பதிலேயே மோசமான இடத்தைத் தேடிப் போகாதீர்கள். வேலைக்கோ பால் வாங்கவோ தினமும் நீங்கள் நடக்கிற வழியில் உள்ள ஒரு இடம் போதும். அள்ளிய பிறகு மாதக்கணக்கில் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று வண்டியை எடுத்துப் போக வேண்டியிருந்தால் மூன்றாவது வாரம் போக மாட்டீர்கள்.

அளவையும் சின்னதாக வையுங்கள். எங்களுடையது இருபது அடி நீளம். அதிலேயே நாற்பத்துமூன்று சாக்கு வந்தது.

2. காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்

தை முடிந்து வைகாசி தொடங்குவதற்குள் செய்துவிடுவது நல்லது. அப்போது குப்பை காய்ந்திருக்கும், எடை பாதியாக இருக்கும். ஆனி, ஆடிச் சாரலில் நனைந்த குப்பையை ஒருவர் தனியாகத் தூக்க முடியாது, சாக்கும் கிழியும்.

எங்கள் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. சாரல் பிடித்து, கார் பருவ நெல் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் விட்டால் கரையில் கிடப்பதெல்லாம் மிதந்து மடையில் போய் அடைக்கும். ஒரு வருஷம் மடையில் கைவிட்டுத் தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக உருவினோம். கடைசியில் வந்தது ஒரு முழுத் தலையணை.

3. குவியலைக் கிளறி எண்ணுங்கள்

புதிதாக வருகிறவர்கள் இந்தப் படியைத்தான் தாண்டிப் போகிறார்கள். என்னைக் கேட்டால் பாதி வேலை இதில்தான் இருக்கிறது.

எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் “கேரளாக்காரன் லாரியில கொண்டாந்து கொட்டுதான்” என்பார்கள். அது பொய்யில்லை. எல்லை தாண்டிச் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிகளில் கழிவு வருவது இந்தப் பக்கத்துக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் உங்கள் பஸ் ஸ்டாப்பில் கிடப்பது அதுதானா என்பதை எண்ணினால்தான் தெரியும்.

ஒரு சிமெண்டுச் சட்டி அளவு குப்பையை மேட்டின் மூன்று இடங்களிலிருந்து எடுங்கள். பழைய பிளக்ஸ் பேனரை விரித்து அதில் கொட்டுங்கள். கம்பால் பிரித்து, எது எத்தனை என்று ஒரு தாளில் குறியுங்கள். கையால் கிளற வேண்டாம். அடியில் ஊசி இருக்கலாம்.

எங்கள் கணக்கில் பேப்பர் கப்புதான் முதலிடம். அடுத்து குழந்தை டயப்பர், பால் கவர், பிஸ்கட் உறை, கோழி இறகு, சலூன் முடி. மலையாள எழுத்து போட்ட கவர் ஏழே ஏழு. அதற்கு நடுவில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். மூடியில் என் அக்கா மகளின் வளைகாப்பு ஸ்டிக்கர். தேதியும் எங்கள் வீட்டுப் பெயரும் பளிச்சென்று இருந்தன. கூட இருந்த பையன்கள் சிரித்தார்கள். “யாரு அண்ணாச்சி லாரி டிரைவரு?” என்று ஒருவன் கேட்டான். அன்று ராத்திரி வீட்டில் விசாரித்தேன். விசேஷ வீட்டுக் குப்பையை அள்ளிப் போட ஆள் வைத்தது நான்தான். எங்கே போட்டாய் என்று அவனிடம் கேட்காதவனும் நான்தான்.

எண்ணுவதால் கிடைப்பது ஒரு பட்டியல். யாரிடம் போய்ப் பேச வேண்டும், எந்த வரிசையில் பேச வேண்டும் என்பது அதில் இருக்கும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ஆறாவது படிக்கு வேண்டும்.

4. எப்போது விழுகிறது என்று ஒரு வாரம் பாருங்கள்

காலை ஐந்தரை, மத்தியானம் இரண்டு, ராத்திரி ஒன்பது என்று மூன்று நேரம் எட்டிப் பார்த்தால் போதும். எங்கள் இடத்தில் டயப்பர் விழுவது விடியற்காலையில், பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள் கையிலிருந்து. கோழி இறகு ராத்திரி கடை அடைத்த பிறகு.

இந்த வாரத்தில் யாரையும் பிடித்து நிறுத்தாதீர்கள், படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். போட்டால் அவர் இன்னொரு இடத்தில் போடுவார், உங்களோடு பேசவும் மாட்டார்.

5. நிலம் யாருடையது, சாக்கு எங்கே போகும்

இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்கும் வரை ஒரு சாக்கைக்கூடக் கட்டக் கூடாது.

முதல் கேள்வி நிலம். எங்கள் சாலை கொல்லம், செங்கோட்டை, தென்காசி வழியாகத் திருமங்கலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744. சாலையோர மண் நெடுஞ்சாலைக்காரர்களுடையது. கால்வாய்க் கரை நீர்வளத் துறை. நிழற்குடை ஊராட்சி. பத்தடி தள்ளினால் ஒருவரது பட்டா நிலம். இது தெரியாமல் ஊராட்சியில் சொன்னால் நெடுஞ்சாலையைக் காட்டுவார்கள், நெடுஞ்சாலையில் சொன்னால் கால்வாயைக் காட்டுவார்கள். முதல் தடவை நாங்கள் இப்படித்தான் அலைந்தோம். கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் புல எண்ணைக் கேட்டுக்கொண்டு, அதை எழுதியே மனு கொடுங்கள். அப்புறம் யாரும் அடுத்தவரைக் காட்ட முடியாது.

மனு கொடுப்பது அனுமதிக்காக மட்டும் இல்லை. தோண்டும்போது தண்ணீர்க் குழாயை வெட்டிவிட்டால் வருகிற சண்டையில் அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

இரண்டாவது கேள்வி சாக்கு. நாற்பது சாக்கு கட்டி ஓரமாக அடுக்கிவிட்டு “வண்டி வரும்” என்று போய்விடுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கிற தவறு. வண்டி வராது. ராத்திரியே நாய் இழுத்துவிடும், மறுநாள் மாடு கிழித்துவிடும். போதாததற்கு, சாக்கு அடுக்கியிருப்பதைப் பார்த்து இன்னும் நாலு பேர் அங்கேயே கொண்டுவந்து வைப்பார்கள்.

ஊராட்சிச் செயலரிடம் தேதியும் நேரமும் பேசிவிடுங்கள். டிராக்டர் எத்தனை நடை வரும், எங்கே இறக்கும் என்று கேளுங்கள். தூய்மைக் காவலர்களிடமும் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் கடைசியில் அதைத் தொடப்போவது அவர்கள்தான். எங்கள் ஊரில் வேலை செய்யும் அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னார்: “கலந்து தந்தா நான் எடுக்க மாட்டேன் தம்பி.” நியாயம்தானே. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது குப்பையைப் போடுகிறவர் வேலை என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள்.

தண்ணீர் பாட்டில், இரும்பு, அட்டை மூன்றையும் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆக்ரிக்கடை என்பார்களே, அதுதான். பிஸ்கட், சிப்ஸ் உறையை அவர்கள் வாங்க மாட்டார்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியப் படலமும் ஒட்டி வருவதால் பிரித்து உருக்க முடியாது. அதை ஊராட்சி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். எனவே தனிச் சாக்கு.

6. வருகிற வழியை அடைத்துவிட்டு அள்ளுங்கள்

எண்ணின தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கியமான சில இனம் எங்கிருந்து வருகிறதோ அவர்களிடம் மட்டும் போங்கள். பத்துப் பேரிடம் பேசினால் சக்திதான் விரயம்.

டீக்கடை: கூட்டம் இல்லாத பதினோரு மணிக்குப் போனேன். டீ குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தேன். “அண்ணாச்சி, உங்க கப்பு எல்லாம் எதிர்த்தாப்புல போகுதே” என்றேன். “நான் எங்கய்யா போடுதேன்? குடிக்கவன் போடுதான்” என்றார். அதுவும் சரிதான், அவர் கடையில் கூடையே இல்லை. குடித்து முடிக்கிறவன் நிற்கிற இடத்திலிருந்து ரெண்டு எட்டில் ஒரு டின் வைத்தோம். இரண்டு எட்டுதான். ஐந்து எட்டுத் தள்ளி வைத்துப் பார்த்ததில் பாதி கப்பு தரையில் விழுந்தது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பு 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் ஒன்று என்றும் சொன்னேன். அதட்டலாகச் சொல்லவில்லை, அபராதம் வந்தால் அவருக்குத்தானே நஷ்டம் என்று சொன்னேன். கண்ணாடி டம்ளருக்கு மாற அவருக்கு ஒரு மாதம் ஆனது. பார்சலுக்கு மட்டும் இன்னும் கவர்தான், அதற்கு எனக்கு வழி தெரிந்தபாடில்லை.

டயப்பர்: இதுதான் கஷ்டம். போடுகிறவர்களுக்கு வெட்கம் இருக்கிறது, அதனால்தான் இருட்டோடு போடுகிறார்கள். ஆண்கள் போய்ப் பேசினால் காரியம் ஆகாது. எங்கள் தெரு மைனி ஒருத்தர் வீடு வீடாகப் போய் ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்: பழைய பேப்பரில் சுற்றி, சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, தனியாகக் கொடுங்கள். வட்டத்தைப் பார்த்தால் குப்பை எடுக்கிற அக்கா அதைப் பிரிக்காமல் எடுத்துக்கொள்வார்.

கோழிக்கடை: இறகுக்கும் குடலுக்கும் கடைக்காரரே ஆள் பார்க்க வேண்டும். அதை ஊர் வண்டியில் ஏற்றச் சம்மதிக்காதீர்கள். ஒரு நாள் ஏற்றினால் மற்ற குப்பை மொத்தமும் கெட்டுப்போகும்.

கடைசியாக உங்கள் சொந்த வீடு. பால் கவரை ஒரு முறை அலசிக் கொடியில் காயப்போட்டு வைக்கும் பழக்கத்தை ஆரியங்காவில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் வீட்டில்தான் பார்த்தேன். கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக்கை எடுத்துப்போகிறார்கள். சுத்தமாக, காய்ந்ததாக இருக்க வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் மாதக் கட்டணமும் கொடுக்க வேண்டும். அழுக்கு கவர் நாறும், நாறினால் வீட்டில் வைத்திருக்க மாட்டோம், உடனே வெளியே எறிவோம். அலசிவிட்டால் ஒரு மாதம் ஆனாலும் மூலையில் கிடக்கும்.

7. கையில் இருக்க வேண்டியவை

ரப்பர் பூசிய கையுறை, அதாவது கட்டட வேலைக்காரர்கள் போடுவது. ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிசு கையுறை பத்து நிமிஷத்தில் கிழிந்துவிடும். செருப்பு கூடாது, மூடிய ஷூ வேண்டும். நீள இடுக்கி இரண்டு, மண்வெட்டி, பல் வைத்த குப்பை வாரி, ஈர்க்குச்சி வாரியல், சிமெண்டுச் சட்டி நாலு. உரச்சாக்கு நினைத்ததை விட இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். மூடி உள்ள பழைய பெயிண்ட் டப்பா ஒன்று, அது ஊசிக்கும் பிளேடுக்கும். சோப்பு, ஒரு குடம் தண்ணீர். கடைசியாகத் தடுப்பூசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியாதவர்கள் முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேட்டுவிடுவது நல்லது.

பனியன் அடிப்பது, பேனர் கட்டுவது எல்லாம் வேண்டாம். அந்தக் காசுக்குக் கையுறை வாங்கலாம். பேனர் எப்படியும் மறுமாதம் அதே மேட்டில்தான் வந்து கிடக்கும்.

8. அள்ளும் நாள்: வரிசை மாறக் கூடாது

காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடியுங்கள். ஆறு பேர் போதும். சாலைப் பக்கம் முதுகைக் காட்டி யாரும் நிற்க வேண்டாம், ஒருவர் வண்டியை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

முதலில் கூர்மையானவை. மண்வெட்டி படுவதற்கு முன்பே இடுக்கியால் கண்ணாடி, ஊசி, பிளேடு எல்லாம் எடுத்தாக வேண்டும். மண்வெட்டி பட்டால் பாட்டில் நூறு துண்டாகும், பிறகு எடுக்கவே முடியாது. இந்தக் கட்டத்தில் பிள்ளைகளை விடாதீர்கள்.

இரண்டாவது, காசு தருபவை: பாட்டில், தகரம், அட்டை. மேலாக இருக்கும்போதே எடுத்தால் சுத்தமாக இருக்கும்.

மூன்றாவது உறைகளும் கவர்களும். இதில்தான் நேரம் போகும். பொறுமையில்லாதவர்கள் இந்த இடத்தில் “எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிருவோம்” என்பார்கள். விடாதீர்கள். வண்டி ஏற்றும்போது அக்கா சாக்கைப் பிரித்துப் பார்த்துத் திருப்பித் தந்துவிட்டால் மொத்த வேலையும் வீண்.

நாலாவதுதான் மண்வெட்டி. மக்கியது, மண், சாம்பல் எல்லாம் அப்போது அள்ளலாம். சாக்கை முக்கால் அளவுக்கு மட்டும் நிரப்புங்கள். முழுக்க நிரப்பினால் கட்ட வாய் இருக்காது.

நெருப்பு மட்டும் வைக்கவே கூடாது. “ஒரு தீக்குச்சி போதும்” என்று சொல்ல ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்சின் என்ற நச்சு வரும், பக்கத்தில் நிற்பவர்தான் முதலில் மூச்சு விடுகிறார். மேலே அணைந்தது போலத் தெரிந்தாலும் மேட்டின் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பிடித்த தீயை அணைக்கப் பத்து நாளுக்கு மேல் ஆனது.

9. அன்றைக்கே தரையை மாற்றுங்கள்

சாக்கு போன பிறகு வெறும் மண் மட்டும் கிடந்தால் அடுத்த கவர் விழ ஒரு ராத்திரி போதும். பள்ளத்தை நிரவி, சுற்றிலும் முள்ளைக் கொத்திவிட்டு, அன்று சாயங்காலமே அந்த இடத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். நாங்கள் இரண்டு பழைய கல்தூணைப் போட்டு உட்காரும் திண்டாக்கினோம். ஆள் உட்காருகிற இடத்தில் குப்பை போடக் கை கூசும்.

மரக்கன்று நடுவதாக இருந்தால் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று பெயரைச் சொல்லிவிட்டு நடுங்கள். பட்டுப்போன கன்றின் கூண்டுதான் நான் பார்த்ததிலேயே வசதியான குப்பைத்தொட்டி. பெரிய குப்பைத்தொட்டியும் வைக்காதீர்கள். அதைக் காலி செய்ய ஆள் இல்லாத நாளில் அதைச் சுற்றியே புது மேடு எழும்பும்.

10. முதல் மாதம்

முதல் பத்து நாள் தினமும் காலையில் ஐந்து நிமிஷம். விழுந்திருக்கிற ஒன்றிரண்டை எடுத்துவிடுங்கள். ஒரு கவர் கிடந்தால் அது அடுத்தவருக்கு அனுமதி. கிடக்காவிட்டால் போட வருகிறவர் ஒரு நிமிஷம் தயங்குவார்.

அதன் பிறகு வாரம் ஒரு முறை, அதற்கு மேல் இடைவெளி விடாதீர்கள். காரணம் கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஒரு இளநீர்க் கூட்டில், ஒரு கப்பில் தேங்கிய தண்ணீர் போதும். வாரத்துக்கு ஒரு முறை கவிழ்த்துவிட்டால் அது பறக்காது.

மாதம் முடிந்ததும் கிராம சபையில் எழுந்து நின்று சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் வருகிறது. “அந்த இடத்தில் வாரத்தில் இன்ன கிழமை வண்டி நிற்க வேண்டும்” என்று தீர்மானத்தில் ஏற்றிவிட்டால் செயலர் மாறினாலும் வண்டி நிற்கும்.

11. உண்மையிலேயே லாரி வந்து கொட்டினால்

தொடாதீர்கள். இது நீங்கள் அள்ள வேண்டிய குப்பை இல்லை. ஊசி, குளுக்கோஸ் பை, ரத்தம் பட்ட பஞ்சு தெரிந்தால் இருபது அடி தள்ளி நின்று படம் எடுங்கள். வண்டி எண் தெரிந்தால் குறியுங்கள். கவர்களில் ஆஸ்பத்திரிப் பெயரோ பில்லோ இருந்தால் அதையும் தள்ளி நின்றே படம் எடுங்கள். காவல் நிலையம், ஊராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூன்றுக்கும் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

நீங்களே அள்ளிவிட்டால் சாட்சியம் போய்விடும். அது இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரள அதிகாரிகளே லாரி கொண்டுவந்து அள்ளிப் போனார்கள். மருத்துவக் கழிவைக் கொட்டுகிறவர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்க்கும் திருத்தத்தையும் 2025-ல் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றியது.

12. சீசனுக்கு முன்பே தயாராகுங்கள்

எங்கள் சாலைக்கு இரண்டு சீசன். ஆடியில் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி பார்க்க வருகிறவர்களும் குற்றாலத்துக்குப் போகிறவர்களும். கார்த்திகை முதல் தை வரை சபரிமலைக்குப் போகிற ஐயப்ப சாமிகள். சாமிகள் வண்டியை நிறுத்திக் கால்வாயில் குளித்து, கரையில் சமைத்து, அங்கேயே சாப்பிட்டுப் போவார்கள். பலகை எழுதி வைத்தோம், பயனில்லை. தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் பாதிப் பேர்.

பலித்தது ஒன்றுதான். வண்டி நின்றதும் போய் “சாமி சரணம்” சொல்லிக் கையில் ஒரு காலிச் சாக்கைக் கொடுத்துவிடுவது. திரும்பும்போது கட்டி நிழற்குடைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டுப் போகச் சொல்வோம். பத்து வண்டியில் எட்டு வண்டி வைத்துவிட்டுப் போகிறது. மிச்சம் இரண்டு வண்டி சாக்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகிறது. அதனால் ஐப்பசி கடைசி வாரத்திலேயே ஐம்பது சாக்காவது அலசிக் காயவைத்துவிடுங்கள். கார்த்திகை ஒன்றாம் தேதி விடிவதற்குள் முதல் வேன் வந்து நின்றுவிடும்.